அம்மன் பெட்டிக்குள் போன பனி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்குச் சாத்தின சேலைகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. பெரிய தகரப் பெட்டி ஒன்று. எங்கள் வீட்டு அறையான காம்பராவில் அடுப்புச் சுவரை ஒட்டி, செங்கல் அடுக்கி, அதன் மேல் தூக்கி வைத்திருக்கிறோம். கொட்டகலைப் பக்கத்து ஈரம் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் இங்கே சுவரில் சாய்ந்தால் முதுகு நனையும். அரிசிச் சாக்கில் பூஞ்சணம் படரும். கோயிலுக்குள்ளேயே பெட்டி இருந்த காலத்தில் நல்ல நல்ல பட்டெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்துப் போயிற்று. வரிசையாக ஒட்டின இந்த லயத்து வீடுகளிலேயே காய்ந்த சுவர் எங்கள் அடுப்புச் சுவர்தான் என்று கண்டுபிடித்து, என் மாமியார் இருந்தபோது பெட்டியை இங்கே கொண்டுவந்தார்கள். இப்போது சாவி என் முந்தானையில். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அம்மனுக்குச் செய்ய எனக்கென்று கிடைத்த வேலை இது. குளிக்காமல் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை.

சேலைகளுக்கு நடுவே அதற்குள் படங்களும் இருக்கின்றன. அச்சடித்த படங்கள் இல்லை. எங்கள் ஆட்கள் கையால், பென்சிலிலும் பேனாவிலும் அடுப்புக் கரியிலும் வரைந்தவை. திருவிழாவுக்கு ஒன்று என்று சேர்ந்தவை. ஒரு சேலை, அதன் மேல் ஒரு படம், மறுபடி ஒரு சேலை. பெட்டியைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசமும் பழைய சந்தன வாசமும் சேர்ந்து வரும். மழை நாளில் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது, கை கழுவிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா வாசலில் கிடக்கிற சின்னச் சின்னச் செருப்புகள். துணி சுற்றின கொழுந்தெடுக்கிற விரல்கள். சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று போனைக் கையில் உயர்த்திப் பிடித்திருக்கிற ஒருத்தி. அவள் மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கேஸ் கிடைக்காத நாட்களில் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டு, ஆட்கள் எல்லாம் நிழலுக்குப் போய்விட்ட தலவாக்கலைத் தெரு. பார்த்துக்கொண்டே இருந்தால் நான் உட்கார்ந்திருக்கிறேனா, அந்தத் தெருவில் நடக்கிறேனா என்று தெரியாமல் போகும். மடியில் பட்டுச்சேலை. வெளியே தகரத்தில் மழை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப் போனதும் உண்டு.

இதெல்லாம் தொடங்கிவைத்தவர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்கு வந்த சித்திர வாத்தியார். எங்கள் தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவார். ஒரு வருடம் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

"திருவிழாவிலை ஒரு சித்திரப் போட்டி வைப்பம். பிள்ளையளுக்கு இல்லை, பெரிய ஆக்களுக்கு. கடுதாசி நான் தாறன். வெண்ட ஆளுக்குக் கோயில் மரியாதை செய்யுங்கோ. படத்தைத் திருப்பிக் குடுக்காமல் இஞ்சையே வையுங்கோ. வருசத்துக்கு ஒண்டு. கொஞ்சக் காலம் போகட்டும், உங்கட தோட்டத்தை நீங்களே எடுத்துப் பாக்கலாம்."

எங்கள் தோட்டத் தலைவருக்கு உடனே ஒரு கவலை வந்தது. "காகிதத்த சாமிக்கு வெச்சுட்டா அது சாமியோடது சார். அப்புறம் எலி கடிச்சா குத்தம் யாரு மேல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டிச் சாவி என்னிடம்தானே. "எங்க வீட்டு எலிக்கு ரொட்டியே கெடைக்கிறதில்ல, அது எங்க படத்தக் கடிக்கப் போகுது" என்றேன். சிரித்தார்கள். அப்படித்தான் முடிவாயிற்று.

முதல் வருடம் வாத்தியாரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் செருப்புப் படம்தான் அது. வரைந்த பெண்ணுக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, அம்மன் மாலையைப் போட்டார்கள். கீழே இருக்கிற பணிய லயத்துப் பெண் அவள். மேட்டு லயத்துக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. வாத்தியார் பணிய லயத்தில்தான் தேத்தண்ணி குடிக்கிறார் என்று பேச்சு வந்தது. அவர் பாவம், "எனக்கு வேண்டாம் இந்த நீதவான் வேலை" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கொழுந்தெடுக்கிற பெண்கள்தான் வழி சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பால் படங்களைத் தொங்கவிடுவது. ஒரு வீட்டுக்கு ஒரு செவ்வந்திப் பூ. வீட்டுக்காரி பார்த்துப் பிடித்த படத்துக்குக் கீழே, பாயில், பூவை வைக்க வேண்டும். தன் வீட்டுப் படத்துக்குத் தானே வைக்கக் கூடாது. எந்தப் படத்துக்குக் கீழே பூ அதிகமோ அது அம்மனுக்கு.

நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்த வருடம் யாரோ ஒரு பிள்ளையாரை வரைந்து தொங்கவிட்டுவிட்டார்கள். தும்பிக்கை ஒரு பக்கம் பருத்து, ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயுமாக இருந்தது. ஆனாலும் பிள்ளையார் பிள்ளையார்தானே. அவரைப் பார்த்துவிட்டு, கையில் பூவை வைத்துக்கொண்டு, அடுத்த படத்துக்கு எப்படிப் போவது? பூ மேல் பூவாகக் குவிந்தது. யாரோ கற்பூரமும் கொளுத்திவிட்டார்கள். என் பக்கத்து வீட்டுத் தங்கச்சி பூவை வைத்துவிட்டு என் காதில் சொன்னாள்: "அந்த மழைப் படந்தாக்கா நல்லாருக்கு. ஆனா என்ன செய்ய, இவரு பாத்துக்கிட்டே இருக்காரே."

அடுத்த வருடம் கேட்க வேண்டாம். கயிறு முழுக்கப் பிள்ளையார். ஒருவர் மட்டும் கெட்டிக்காரத்தனமாகப் பிள்ளையாரையும் முருகனையும் ஒரே காகிதத்தில் வரைந்து பூவை அள்ளிக்கொண்டு போனார். வாத்தியார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இனிச் சாமி படம் கீறக் கூடாது எண்டு ஒரு சட்டம் போடுங்கோ" என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. கோயிலுக்குள்ளே, திருவிழா அன்றைக்கு, சாமியே வராதே என்று சொல்வதா? கூட்டத்தில் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். பிறகு பூசாரியிடம் தனியாகக் கேட்டேன். அவர் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இங்க பாரு தங்கச்சி, அந்தக் கயிறு எதுக்கு நேரா கட்டியிருக்கு? அம்மனுக்கு நேரா. படத்த எல்லாம் அவதான் மொதல்ல பாக்குறா. அவ கண்ணு முன்னாடி அவங்க வீட்டு ஆளுங்க படத்தையே மாட்டுனா அலுத்துப் போகாதா? நம்மளக் கொஞ்சம் பாக்கட்டும்."

அந்தப் பேச்சு எனக்குள்ளே விளக்கு மாதிரி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அம்மன் எங்களைப் பார்த்த பார்வையைத்தான் நான் மடித்து வைத்திருக்கிறேன் என்று தோன்றும்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்குத் தறிக்கிற வேலை. பேச்சு குறைவு. வாத்தியார் கொடுத்த காகிதத்தை வாங்கி வந்த நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்து வரைவார். எல்லா வருடமும் அவர் வரைந்தது ஒன்றையே: பனி. காலையில் மலையை மூடிக்கொண்டு வருமே, அந்தப் பனி. பென்சிலை பிளேடால் சுரண்டித் தூளாக்குவார். அந்தத் தூளைப் பஞ்சால் தொட்டுக் காகிதத்தில் தேய்ப்பார். தேய்த்ததன் மேலேயே மறுபடி தேய்ப்பார். பஞ்சுக்கு எங்கே போவார்? நான் விளக்குத் திரிக்கு வைத்திருக்கிற பஞ்சுதான். வெள்ளிக்கிழமை திரி போட டப்பாவைத் திறந்தால் பாதி இருக்காது.

"சாமிக்கு வெச்சிருக்கிற பஞ்சுங்க அது."

"நானும் சாமிக்குத்தான வரையிறேன்."

"கேட்டு எடுத்தா என்னவாம்?"

"கேட்டா குடுக்க மாட்டியே புள்ள."

படத்தைச் சும்மா பார்த்தால் சாம்பல் நிறக் காகிதம். அவ்வளவுதான். ஆனால் சமையலை முடித்துவிட்டு, குப்பி விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குள் ஏதோ நகரும். இந்தப் பக்கம் கறுப்பாகத் தெரிவது செடியா, குனிந்திருக்கிற ஆளா என்று கண் தேடும். தேடத் தேட அது பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பயமாக இராது. மலைக்குள் தனியாக நிற்கும்போது, பக்கத்து நிரையில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு தெம்பு வருமே, அப்படி இருக்கும். ஒருநாள் ஏன் இதையே வரைகிறீர்கள் என்று கேட்டேன். "பனிக்குள்ள ஆளு தெரியாது. வெட்டுற சத்தம் மட்டும் கேக்கும். அந்தச் சத்தத்த வெச்சுத்தான் மச்சான் எங்க நிக்கிறான், மாமா எங்க நிக்கிறாருன்னு தெரியும். அத எப்புடி வரையிறதுன்னு பாக்குறேன்" என்றார்.

திருவிழாவில் அவருடைய படத்தைக் கயிற்றின் கடைசியில், வாசல் பக்கம்தான் மாட்டுவார்கள். கேலிக்குக் குறைவே இராது.

"என்ன மாமா, இந்த வருசம் பனி கூடவா, கொறைவா?"

"மச்சான் படத்துல யாரோ இருமுற சத்தம் கேக்குது. ஆளத்தான் காணோம்."

அவரும் சிரிப்பார். பூ மட்டும் விழாது. ஒரு வருடம் அவர் படத்துக்குக் கீழே ஒற்றைச் செவ்வந்தி கிடந்தது. நான் தூரத்திலிருந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தேன். அவர் குனிந்து அதை எடுத்தார். பக்கத்துப் படத்துப் பாயைப் பார்த்தார். "இது காத்துல உருண்டு வந்துருச்சு. யாரோட பூ?" என்று கேட்டு அங்கேயே கொண்டுபோய் வைத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "பரிவட்டமெல்லாம் எனக்கு வேணாம். என்னோடது ஒண்ணு அந்தப் பெட்டிக்குள்ள போகணும். நாம போனப்புறமும் அது அவகிட்ட இருக்குமில்ல." சொல்லிவிட்டு என் முந்தானை முடிச்சைப் பார்த்தார். "நீயா உள்ள தள்ளிராத. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். யோசித்துப் பாருங்கள். பெட்டி எங்கள் காம்பராவில் இருக்கிறது. அவர் படுக்கிற பாய்க்கு எதிரே இருக்கிறது. ஊரார் படமெல்லாம் பட்டுச்சேலைக்கு நடுவே தூங்குகிறது. வீட்டுக்காரர் படங்கள் மட்டும் சுருட்டி, கூரை மரத்தில் செருகி, புகையில் மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன. அப்போதிலிருந்து நான் விளக்கேற்றும்போது பிள்ளைகளுக்குக் கேட்பதை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அதையும் கேட்பேன். தாயே, அவர் படம் ஒன்று உன் பெட்டிக்கு வரட்டும். எப்படியாவது.

எப்படியாவது என்று கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது சில நேரம் நினைக்கிறேன்.

வாத்தியார் மாற்றலாகி ஊருக்குப் போன பிறகு வந்த ஆடித் திருவிழா அது. காலையிலிருந்து பனி இறங்கியபடி இருந்தது. மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கயிற்றில் தொங்குகிற படங்கள் ஈரத்தில் கனத்து, லேசாக முன்னும் பின்னும் ஆடின. உடுக்குச் சத்தம் கூட எங்கேயோ அடுத்த மலையிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. பெண்கள் பூவோடு வரிசையில் போனார்கள். பனிக்குள் அவர்களுடைய சேலை நிறம் மட்டும் போய்வந்தது.

அந்த வருடம் இரண்டு படங்கள் நன்றாக இருந்தன. மேட்டு லயத்து ஆட்டோக்காரர் தன் ஆட்டோவின் முன் கண்ணாடியை வரைந்திருந்தார். மழை வழிகிற கண்ணாடி, அதற்குள்ளே வளைந்து போகிற ரோடு. பணிய லயத்தில் கொழுந்தெடுக்கிற ஒரு பெண் தன் கூட்டாளிகளைப் பின்னாலிருந்து வரைந்திருந்தாள்; நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்து சுமந்து நிறுவைக்கு மடுவத்துக்குப் போகிற வரிசை. பூவை எண்ணினால் இரண்டுக்கும் சமம். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சமம்.

"பணிய லயத்துல ஒரு வீட்டுல ரெண்டு குடும்பமா? பூ கூடுதலா இருக்கே."

"ஆமா, நீங்க மட்டும் வீட்டுல இருக்கிற கோழிக்கும் பூ குடுத்துக் கூட்டிட்டு வந்தீங்க."

"யாரடி கோழிங்கிற?"

சத்தம் ஏறியது. தலைவர் ஒரு பக்கம் கையைத் தூக்கி அடக்கப் பார்த்தார். பூசாரி மணியை ஓங்கி அடித்தார். "சண்ட போடுறதுக்கா திருவிழா? பூக்கட்டிப் பாத்துருவோம். அவளே சொல்லட்டும்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமானதுதான். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு என்றால் மேட்டு லயம், வெள்ளை என்றால் பணிய லயம் என்று பேசிக்கொண்டார்கள். நான் அப்போது மண்டபத்துக்குப் பின்னால், கொட்டகையில், பூசைக் கடலையை வடித்துக்கொண்டிருந்தேன். நடந்ததைப் பிறகுதான் கேட்டுக் கோத்துக்கொண்டேன். பூவைக் கட்ட வைத்திருந்த வெற்றிலை எல்லாம் ஈரத்தில் அழுகி, மடித்தால் கிழிந்தது. யாரோ பத்திரிகைத் தாளை நீட்டினார்கள். பூசாரிக்குக் கோபம். "எழவு வீட்டுப் படம் போட்டிருக்கிற பேப்பரயா சாமி காலடியில வெக்கச் சொல்ற? எழுத்து இல்லாத சுத்தமான காகிதம் ஒண்ணு கொண்டாங்கப்பா."

தலைவர் அவசரமாகச் சுற்றிப் பார்த்திருக்கிறார். வாசல் ஓரம், கயிற்றின் கடைசியில், ஒன்றும் எழுதாத, ஒன்றும் வரையாத ஒரு காகிதம் ஆடிக்கொண்டிருந்தது. மழைச் சாரல் படாமல் மறைப்பதற்காக யாரோ தொங்கவிட்டது என்று நினைத்தாராம். கிளிப்பை எடுத்தார். நடுவே மடித்தார். கிழித்தார்.

நான் கடலைத் தட்டோடு உள்ளே வந்தபோது, பூசாரி இரண்டு சாம்பல் நிறப் பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றின் கடைசியைப் பார்த்தேன். கிளிப் மட்டும் இருந்தது. அவர் எங்கே என்று தேடினேன். தூணோரம் நின்றிருந்தார். அவர் கண்ணெதிரே கிழித்திருக்கிறார்கள். சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் காகிதம் தலைவர் கையிலிருந்து பூசாரி கைக்கும், பூசாரி கையிலிருந்து அம்மன் காலடிக்கும் போய்விட்டது. ஊரே கைகூப்பி நிற்கிறது. அவரும் கைகளைக் கூப்பினார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது? அந்த நேரம் மண்டபத்துக்குள் பனி இன்னும் கொஞ்சம் ஏறி வந்தது. அம்மன் முகத்தில் மூக்குத்தி மட்டும் மின்னியது.

குழந்தை எடுத்தது வெள்ளை. பணிய லயத்தில் குலவைச் சத்தம். அந்தப் பெண்ணுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். ஆட்டோக்காரரே முதலில் போய் அவளுக்குத் திருநீறு வாங்கிக் கொடுத்தார். அதுவரைக்கும் நல்லபடியாகத்தான் முடிந்தது. நான் முன்னால் போய், தட்டில் கசங்கிக் கிடந்த இரண்டு துண்டையும் எடுத்து, முந்தானையில் வைத்து நீவினேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி பார்த்துவிட்டாள்.

"அய்யோ தலைவரே! அது அண்ணன் வரைஞ்ச படம்!"

"படமா?" தலைவர் ஒரு துண்டை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "எதுல படம்? இதுல ஒண்ணுமே இல்லையே?"

"பனிங்க தலைவரே" என்றார் என் வீட்டுக்காரர், தூணோரத்திலிருந்து.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வெளியே காகிதத்தில் இருந்த அதே நிறம். லயமும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரே சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வாடி, காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுருங்க மச்சான். சத்தியமா வெறுந்தாளுன்னுதான்..."

"விடுங்க தலைவரே. சுத்தமான காகிதம்னு எடுத்தீங்க. அது போதும்."

இதை என்ன செய்வது என்று அடுத்த பேச்சு வந்தது. வருடத்துக்கு ஒரு படம்தான் பெட்டிக்கு என்பது வழக்கம். பூசாரிதான் முடித்துவைத்தார். "அவ காலடிக்குப் போனதக் குப்பையில போட முடியுமா, இல்ல வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியுமா? அது அவளோடது. பெட்டியில வெச்சுரு தங்கச்சி."

அப்படித்தான் அவருடைய பனி பெட்டிக்குள் போயிற்று. நான் என் கையால், ஊர் சொல்லித்தான் வைத்தேன். சத்தியமும் மீறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்தீங்களா, அம்மனே எடுத்துக்கிட்டா" என்றேன்.

அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். "அவ எடுக்கலடி. தலைவரு எடுத்தாரு."

"தலைவரு கைய யாரு அந்தப் பக்கம் திருப்புனது?"

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பெட்டி இருக்கிற பக்கம் பார்க்கவே இல்லை.

வாத்தியார் ஊருக்குப் போன பிறகும் ஒவ்வொரு வருடமும் பெட்டிக்குப் போகிற படத்தைப் போனில் பிடித்து அவருக்கு அனுப்புவோம். அந்த வருடம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து அனுப்பினாள். உடனே வாத்தியார் பேசினார். "அக்கா, படம் வரேல்லை. வெறும் கடுதாசிதான் தெரியுது. திருப்பி அனுப்புங்கோ." நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணை இப்ப கீறுறாரோ?"

அவர் கீறவில்லை. அதுதான் என் கவலை. ஆவணி போயிற்று, ஐப்பசி மழையும் போயிற்று. பொழுது சாய்ந்தால் இஸ்தோப்பில் உட்காருவார். கை சும்மா இருக்கும். பென்சில்கள் பால்மா டின்னுக்குள் நின்றன. வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்தால் பஞ்சு நான் வைத்தபடியே, புசுபுசுவென்று, நிறைந்து இருக்கும். இத்தனை காலம் அதற்காகத்தான் சண்டை போட்டேன். இப்போது நிறைந்த டப்பாவைச் சட்டென்று மூடிவிடுவேன். ஆசைப்பட்டது நடந்துவிட்டால் மனுசனுக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? பெட்டிக்குள் போக வேண்டும் என்றார், போயிற்று. ஆனால் யாரும் அதைப் படம் என்று பார்த்து அனுப்பவில்லையே. அந்த வித்தியாசம் எனக்குப் புரிய நாளானது. அம்மனிடம் அதற்குப் பிறகு இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சும்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

தைப்பொங்கல் கழிந்து நல்ல வெயில் வருகிற நாட்களில் பெட்டியை வெளியே எடுத்துக் காயவைப்பது வழக்கம். சேலைகளைக் கொடியில் போடுவோம். படங்களைத் தேயிலைச் செடி மேல், வெள்ளைத் துணி விரித்து, பரப்புவோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் செடிகள் ஒரே மட்டமாக, மேசை மாதிரி இருக்கும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. செருப்புகள், விரல்கள், போன் பிடித்த கை, கண் கோணின பிள்ளையார், சிலிண்டர் வரிசை, கொழுந்து சுமந்து போகிற முதுகுகள் எல்லாம் பச்சைக்கு மேல் மிதந்தன. கடைசியாக அந்த இரண்டு துண்டையும் எடுத்து வைத்தேன். காற்றுக்குப் பறக்காமல் சின்னக் கல் வைத்தேன்.

அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறார்.

பொட்டலம் கட்டின மடிப்புகள் இரண்டு துண்டிலும் ஆழமாகப் பதிந்திருந்தன. பென்சில் தூள் அந்தக் கோடுகளில் உதிர்ந்து, வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு துண்டில் பூவின் ஈரம் ஊறி, வட்டமாக, மங்கலாக ஒரு கறை.

குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இங்க பாரு புள்ள, இந்த மடிப்ப. மலைக்குள்ள போற குறுக்குப் பாத மாதிரி இல்ல?"

"ஆமாங்க."

"இதத்தான் என்னால போட முடியல. பனிக்குள்ள பாதை இருக்கும், ஆனா தெரியாது. நான் இருட்டாப் போட்டுப் போட்டுப் பாத்தேன்." விரலை மேலே படாமல் அந்தக் கோட்டு வழியே கொண்டுபோனார். "மடிச்சிருக்கணும் போல."

"ஒட்டிரலாமா? சோத்துப் பசை போட்டு..."

"வேணாம் வேணாம்." கல்லை நகர்த்தி, இரண்டு துண்டையும் கிட்டக் கிட்டக் கொண்டுவந்தார். விளிம்பு தொடுகிற இடத்தில் நிறுத்தி, யோசித்து, மறுபடி ஒரு விரல் அளவு விலக்கினார். அந்த இடைவெளியில் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. "இப்புடி இருக்கட்டும்."

பள்ளத்திலிருந்து ஒரு சின்னப் பனி எழும்பி வந்தது. வெயில் நாளிலும் அப்படி ஒன்று வரும். வழி தவறின ஆடு மாதிரி தனியாக வந்து, செடிகளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். படங்களை எல்லாம் ஒரு தரம் மூடியது. செருப்புகள் மறைந்தன, முதுகுகள் மறைந்தன. அவருடைய படம் மட்டும் எங்கே முடிகிறது, எங்கே பனி தொடங்குகிறது என்று தெரியவில்லை. பனி போன பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் நனையவில்லை.

வெயில் சாயும் முன்னே எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி போட டப்பாவைத் திறந்தேன். பாதிப் பஞ்சு இல்லை. இஸ்தோப்பில் காகிதம் மடிக்கிற சத்தம், பிரிக்கிற சத்தம், மறுபடி மடிக்கிற சத்தம் கேட்டது. இருந்த பஞ்சை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவருக்கு டப்பாவிலேயே விட்டு, மற்றதை மெல்லிசாகத் திரித்து, எண்ணெயில் தோய்த்தேன். அன்றைக்கு அம்மனுக்கு நூல் மாதிரி ஒரு திரிதான். நின்று எரிந்தது.